வெளிச்சம் நிக்குதா, நகருதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், தோட்டத்துத் திருவிழா என்று இருபது வருஷமாகக் கேமரா தூக்குகிறேன். புதுசாகக் கேமரா வாங்கிய தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணே, எம்-ல வைக்கவா, ஏவி-ல வைக்கவா?" எம்-இல், அதாவது எல்லா அளவையும் தானே திருகி, எடுக்கிறவன்தான் பெரிய ஆள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெளிச்சம் நிக்குதா, நகருதா?

நகர்ந்தால் ஏவி. நைக்கானிலும் சோனியிலும் அது வெறும் ஏ. அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, நீ வைப்பாய்; ஷட்டரை, அதாவது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும். காவடி ஊர்வலத்தை நினைத்துப் பார். செம்பனை நிழலில் உறுமி மேளம், பத்தடி தள்ளி மண்ரோட்டில் பதினொரு மணி வெயில். நீ எம்-இல் திருகி முடிப்பதற்குள் காவடி உன்னைத் தாண்டியிருக்கும். ஆனால் நிழலுக்குள் ஷட்டர் 1/60 வினாடிக்கு இறங்கினால் ஆடுகிற கால் கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக்காட்ட வேண்டும் என்பதை, ஆட்டோவில் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் 1/500 என்று மெனுவில் சொல்லி வை.

ஏவி-யிலும் ஒரு குழி உண்டு. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றுதான் நினைக்கும். ஆரம்பத்தில் ஒரு கோயில் நிர்வாகத்தாரை வரிசையாக நிற்கவைத்து எடுத்தேன், அத்தனை பேரும் வெள்ளை வேட்டி. படத்தைப் பார்த்த பெரியவர், "வேட்டியைத் துவைக்காம வந்த மாதிரி இருக்கேப்பா" என்றார். படத்தை வெளுப்பாகவோ கறுப்பாகவோ தள்ளும் பிளஸ் மைனஸ் பொத்தானில் +1 வைத்திருந்தால் தப்பியிருப்பேன். கரும்பின்னணிக்கு மைனஸ் பக்கம் போ.

கல்யாண மேடை வேறு கதை. அங்கே வெளிச்சம் நிற்கிறது, நகர்வது நீதான். ஏவி-யில் அகலமாக எடுத்தால் பின்னால் இருக்கும் எல்இடி அலங்காரத்தைப் பார்த்து மீட்டர் பயந்துவிடும், பெண் முகம் கறுக்கும். கிட்டப்போய்க் கூறைச்சேலையோடு எடுத்தால் அதே முகம் வெளுக்கும். ஆல்பத்தில் ஒரே பெண் நான்கு நிறம். இதற்குத்தான் எம். முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் மேடையில் யாரையாவது உட்காரவைத்து அப்பெர்ச்சர் எப்/4, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கு. முகத்தைப் பெரிதாக்கிப் பார், நெற்றி வெளுத்திருந்தால் ஐஎஸ்ஓவைக் குறை. சரியானதும் கை வைக்காதே. ஐஎஸ்ஓ ஆட்டோவில் கிடந்தால் இவ்வளவும் வீண், பழையபடி கேமராதான் முடிவு செய்யும். வீடியோக்காரர் விளக்கை இடம் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும், அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்.

1/100 சும்மா சொன்னதில்லை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய மண்டபக் குழல்விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100 வைத்தால் ஒரு மினுக்கு முழுசாக மாட்டும்; 1/500 வைத்தால் அதில் ஒரு துண்டுதான், ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு.

தீமிதிதான் இன்னும் என்னைச் சோதிப்பது. ஏழேகால், ஏழரைக்குள் சூரியன் விழுந்ததும் வெளிச்சம் மளமளவென்று போய்விடும். அந்த நேரத்துக்கு எம்-மும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்த்து வைக்கிறேன்: எப்/2.8, 1/500, மற்றதைக் கேமரா ஏற்றிக்கொள்ளட்டும். முழு இருட்டில் விளக்கும் தணலும் மட்டும் மிஞ்சினால் ஐஎஸ்ஓவையும் ஒரே எண்ணில் கட்டிவிடுவேன். குழி ஓரம் நிற்கப் போகிறாய் என்றால் லென்ஸ் துடைக்க ஒரு துணி எடுத்துக்கொள், சாம்பல் பறக்கும்.