டூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது எப்படி

ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் அரை மணி நேரத்தில் வார்டில் ஆட்கள் இரண்டு மடங்கு இருப்பார்கள். நோயாளியைக் கவனிப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஓவர் கொடுப்பவர், அதாவது நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார், எடுப்பவர் இன்னும் கைகூடக் கழுவியிருக்க மாட்டார். 2014-ல் வெளிவந்த ஐ-பாஸ் ஆய்வில், வட அமெரிக்காவின் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் நோயாளியை ஒப்படைக்கும் முறையைச் சீர்படுத்தினார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒப்படைக்க எடுத்துக்கொண்ட நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே ‘நேரமில்லை’ என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஓவர் எடுப்பவர் 15 நிமிடம் முன்னதாக வரட்டும். முதல் 5 நிமிடம் நர்ஸிங் ஸ்டேஷனில்: மொத்தம் எத்தனை பேர், புது அட்மிஷன் யார், ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர் யார், ரிப்போர்ட் வரவேண்டியது யாருக்கு. பூட்டி வைத்திருக்கும் கடும் வலி மருந்துகளான மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பியூல்களை இருவரும் சேர்ந்து எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே அலமாரிச் சாவி கைமாற வேண்டும். எமர்ஜென்சி ட்ராலியின் சீல், மூச்சுக்குழாயில் ட்யூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு, ஆக்ஸிஜன் சிலிண்டரின் அழுத்தம் மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் படுக்கையருகே.

படுக்கை எண் 1-லிருந்து வரிசையாகப் போவதுதான் பழக்கம். அதை விடுங்கள். 20 படுக்கை உள்ள வார்டில் பாதி தாண்டும்போதே கேட்பவரின் கவனம் தளர்ந்துவிடும். மோசமான நோயாளி 18-ல் இருந்தால் அவருக்கு மிஞ்சுவது அரைக் காதுதான். நிலைமை மோசமாக உள்ளவரிடம் முதலில் போங்கள். அவருக்கு 4 நிமிடம் ஆகட்டும், நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு அரை நிமிடம் போதும்.

படுக்கையை அடைந்ததும் கைப்பட்டையில் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் பாருங்கள். ‘ஏழாம் பெட்’ என்பது அடையாளம் ஆகாது. ராத்திரி படுக்கை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் வார்டில் இரண்டு லட்சுமி இருப்பார்கள். பிறகு பேச வேண்டியது இந்த மாதிரி இருக்கட்டும்:

“சிஸ்டர், இவங்க கொஞ்சம் சீரியஸ். 58 வயசு, குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆகி இன்னைக்கு ரெண்டாம் நாள். நார்அட்ரினலின் 4 மி.கி., 50 மி.லி. சிரிஞ்ச்ல, மணிக்கு 5 மி.லி. ஓடுது, மீதி 12 மி.லி. இருக்கு. யூரின் கடைசி 3 மணி நேரத்துல 70 மி.லி.தான், எடை 60 கிலோ. பொட்டாசியம் டெஸ்டுக்கு ரத்தம் அனுப்பியிருக்கு, ரிப்போர்ட்டை 9 மணிக்குள்ள கேட்டு வாங்கணும். அடுத்த மணிக்கும் யூரின் 30-க்குக் கீழ போனா ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க.”

இதில் ‘ஸ்டேபிள்’, ‘யூரின் பரவாயில்லை’, ‘அப்படியே இருக்காங்க’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மி.லி. வேண்டும், 3 மணி நேரத்தில் 70 என்றால் குறைவு. ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருந்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு நள்ளிரவு வரை இது உறைத்திருக்காது. கடைசி வாக்கியம்தான் பெரும்பாலும் விட்டுப்போவது: என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். அது இல்லாவிட்டால் ஒப்படைத்தது தகவலை மட்டும்தான்.

சொல்லி முடித்தவுடன் எடுப்பவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: “நார்அட்ரினலின் மீதி 12, 9 மணிக்குள்ள பொட்டாசியம் ரிப்போர்ட் வாங்கணும், யூரின் 30-க்குக் கீழ போனா கால் பண்றேன்.” தலையை ஆட்டுவது கணக்கில் சேராது. 12 மி.லி., மணிக்கு 5 என்றால் இரண்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவுதான் ஓடும் என்பது திருப்பிச் சொல்லும்போதுதான் உறைக்கும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மீதம் இருந்தால் அடுத்த சிரிஞ்சைப் போகிறவரே தயார்செய்து, லேபிள் ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்று வார்டில் ஒரு விதி வையுங்கள். நார்அட்ரினலின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, அது தீரும்போது அழுத்தம் சில நிமிடங்களிலேயே சரியும். ஆள் மாறும் நேரத்தில் அலாரத்தைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்து கை வேலை. பாட்டிலிலிருந்து ஊசி ஏறிய இடம் வரை ட்யூபை விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். பம்பில் காட்டும் வேகமும் கேஸ் ஷீட்டில் எழுதியதும் ஒன்றா? பொட்டாசியம் குளோரைடு கலந்த பாட்டில் என்றால் எத்தனை மி.லி. கலந்தது, எப்போது என்ற லேபிள் இருக்கிறதா? 15 சதவீத ஆம்பியூல் ஒன்றில், அதாவது 10 மி.லி.யில், 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. ஏற்கெனவே கலந்தது தெரியாமல் இன்னொருவரும் கலந்தால் இதயத் துடிப்பே தடம் மாறும். ட்ரெயின் (உடலிலிருந்து திரவம் வடியும் குழாய்), யூரின் பை அளவுகளை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகைத் திருப்பிப் படுக்கைப் புண் பாருங்கள். இதைச் செய்யாத வார்டில்தான் ‘புண் எந்த ஷிஃப்ட்டில் வந்தது’ என்ற பஞ்சாயத்து நடக்கும்.

இன்சுலினுக்குத் தனிக் கவனம் வேண்டும். இந்தியாவில் மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் இரண்டும் புழங்குகின்றன. சிரிஞ்சும் இரண்டு வகை, 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஆகவே எத்தனை யூனிட் என்பதோடு எந்த மருந்துக் குப்பி, எந்த சிரிஞ்ச் என்றும் சொல்லுங்கள். ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கில யு எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யமாகி 6 யூனிட் 60 ஆகிவிடும்.

ஹெச்.ஐ.வி. நிலை, நோயின் போக்கு போன்றவற்றைப் படுக்கையருகே உரக்கப் பேசாதீர்கள். ஃபைலைக் காட்டினால் போதும்.

டாக்டர்கள் தங்களுக்குள் ஒரு மூலையில், சிஸ்டர்கள் வேறொரு மூலையில் ஓவர் கொடுப்பது இங்கே வழக்கம். அதனால் இரு பக்கமும் இரண்டு திட்டங்கள் ஓடும். டாக்டர் ‘ஆன்டிபயாடிக் மாத்தணும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார், கேஸ் ஷீட்டில் பழையதே இருக்கும், சிஸ்டர் அதையே கொடுப்பார். ட்யூட்டி டாக்டரும் ஷிஃப்ட் இன்சார்ஜும் சேர்ந்து 5 நிமிடம் நின்று, மோசமான மூன்று நான்கு பேரைப் பற்றி மட்டும் பேசினால் இந்த இடைவெளி பெருமளவு குறையும்.

இரவில் போனில் ஆர்டர் வாங்கும்போது எழுதிவிட்டு வாசித்துக் காட்டுங்கள், டாக்டர் ‘சரி’ என்று சொல்லும்வரை வைக்காதீர்கள். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று குழப்பம் வராமலிருக்க ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் பிரித்துக் கேளுங்கள்.

டோஸ் தவறாகப் பட்டால் பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் ஊரில் மிகவும் சிக்கல். குற்றம் சாட்டாமல் எண்ணை முன்னால் வையுங்கள், உதாரணமாகச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் கூடியிருந்தால்: “சார், க்ரியாட்டினின் 3.2 வந்திருக்கு. இந்த டோஸ் கொடுக்க எனக்குத் தயக்கமா இருக்கு, ஒருதடவை பார்த்துச் சொல்றீங்களா?” பதில் வராவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். அப்போதும் தயக்கம் தீராவிட்டால் மருந்தை நிறுத்திவைத்து இன்சார்ஜுக்குத் தெரிவியுங்கள். இரண்டு முறை சொன்ன சிஸ்டரை யாரும் திட்டக் கூடாது என்பதைத் துறைத் தலைவரே முன்கூட்டி வார்டில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் இந்தப் பழக்கம் வேர் பிடிக்காது.

தியேட்டரிலிருந்து ஐ.சி.யு.வுக்கு வரும் நோயாளிக்கு மட்டும் வரிசை வேறு. முதலில் வென்டிலேட்டர், மானிட்டர், பம்புகள் எல்லாம் மாட்டி முடியட்டும். அதுவரை யாரும் கேஸ் சொல்ல வேண்டாம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை ஃபெராரி கார் பந்தயக் குழுவின் வேலைப் பங்கீட்டைப் பார்த்து, இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஒப்படைப்பை இந்த மாதிரிப் படிப்படியாகப் பிரித்தது. அதன் பலனை 2007-ல் வெளியிட்டார்கள். எல்லாம் மாட்டியானதும் அனஸ்தீசியா டாக்டர் பேசுவார், பிறகு சர்ஜன், கடைசியில் ஐ.சி.யு. சிஸ்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை தியேட்டர் ஆட்கள் கிளம்பக் கூடாது.