கிஃப்ட்டா வந்த பொக்கே மறுநாளே தொங்குதா? இப்படி பண்ணிப் பாருங்க

பர்த்டே, வெட்டிங் டேன்னு யாராச்சும் பொக்கே கொடுத்தா நம்ம வீட்ல அது கவரோட நேரா ஃப்ரிட்ஜ் மேல போய் உக்காந்துக்கும், மறுநாள் சாயந்திரம் பாத்தா ரோஸ் எல்லாம் தலைய தொங்கப் போட்டுருக்கும். பூ பழசுன்னு கடைக்காரர திட்டுவோம். பாதி நேரம் விஷயம் அது இல்ல, காம்பு அடைச்சுக்கிட்டு தண்ணி மேல ஏறாததுதான்.

முதல்ல கவரு, ரிப்பன், ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் பிரிங்க. கூடையில பச்சை ஸ்பாஞ்ச்ல குத்தி வந்திருந்தா மட்டும் பூவ பிடுங்காதீங்க, தினமும் ஸ்பாஞ்ச் நனையற மாதிரி தண்ணி ஊத்துனா போதும்.

அடுத்தது காம்பு வெட்டறது, இதுதான் மெயின். ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள காம்ப வெச்சு, நல்லா கூரான கத்தியால அடியில ஒரு இன்ச் சாய்வா வெட்டுங்க. வெளிய வெட்டுனா காத்து உள்ள போயி காம்ப அடைச்சுக்கும். மொக்கை கத்திரிக்கோல் வேண்டாம், அது காம்ப நசுக்கிடும்.

தண்ணிக்குள்ள முங்கற இலை எல்லாத்தையும் உருவிடுங்க. அது அழுகி பாக்டீரியா வந்து, அந்த வழவழப்புதான் மறுபடி காம்ப அடைக்குது. ஜாடியையும் சோப்பு போட்டு கழுவிடுங்க.

பொக்கே கூட குட்டி பாக்கெட்ல பவுடர் வந்தா அத கலக்குங்க. இல்லையா, 1 லிட்டர் தண்ணிக்கு 1 டீஸ்பூன் சர்க்கரை, 2 டீஸ்பூன் எலுமிச்சை சாறு, சில சொட்டு ப்ளீச் (துணி வெளுக்க போடற லிக்விட்). சர்க்கரை பூவுக்கு சாப்பாடு, ஆனா அத மட்டும் போட்டா பாக்டீரியாவுக்கும் விருந்துதான், அதனால ப்ளீச்ச விட்டுடாதீங்க. ஜெர்பெராவுக்கு மட்டும் ரெண்டு இன்ச் தண்ணி போதும், அதோட காம்பு சீக்கிரம் அழுகிடும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தி, காம்ப அரை இன்ச் திரும்ப வெட்டுங்க.

ஃபேனுக்கு நேரா கீழ வெக்காதீங்க, ஜன்னல் வெயிலும் வேண்டாம். டைனிங் டேபிள்ல வாழைப்பழம், மாம்பழம் பக்கத்துலயும் வேண்டாம், பழுக்கற பழத்துலேந்து வர்ற எத்திலீன் வாயு பூவ சீக்கிரம் வாட வெச்சிடும், கார்னேஷன்லாம் ரொம்ப மோசமா அடி வாங்கும்.

ஏற்கனவே தொங்கிடுச்சா? காம்ப புதுசா வெட்டி, ரோஸ நியூஸ்பேப்பர்ல கழுத்து நிமிர்ந்து நிக்கற மாதிரி டைட்டா சுத்தி, வெதுவெதுப்பான தண்ணியில கழுத்து வரைக்கும் ரெண்டு மணி நேரம் நிறுத்துங்க. நிறைய பூ நிமிந்துடும்.

தொட்டிச் செடி வந்திருந்தா கதை தலைகீழ், அங்க தண்ணி ஊத்தி ஊத்தியே கொல்றோம். தொட்டிய சுத்தி இருக்கற பளபள பேப்பர முதல்ல கழட்டுங்க, அடியில தண்ணி தேங்கி வேர் அழுகறது அதுலதான். உடனே வேற தொட்டிக்கு மாத்த வேணாம், ரெண்டு வாரம் புது எடத்துக்கு பழகட்டும். விரல ஒரு இன்ச் மண்ணுல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. ஸ்னேக் பிளான்ட்னா முழுசா காயட்டும். பீஸ் லில்லி திடீர்னு துவண்டு பயமுறுத்தும், மண்ணு காஞ்சிருந்தா ஊத்துங்க, சில மணி நேரத்துல எழுந்துடும். லக்கி பேம்பூவுக்கு வாரம் ஒருக்கா ஃபில்டர் தண்ணி மாத்துங்க. ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க ப்ளீஸ், அதுல உப்பு ஜாஸ்தி.

வீட்ல பூனை இருக்கா? பொக்கேல லில்லி இருந்தா அத அன்னைக்கே பூனை இல்லாத வீட்டுக்கு கொடுத்துடுங்க, மகரந்தமோ ஜாடி தண்ணியோ கொஞ்சம் நக்குனாலே பூனைக்கு கிட்னி போயிடும்.