பள்ளி இசை ஆசிரியர் ஆகப் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பித்தல் பயிற்சிக்காக இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவருக்கும் நல்ல சாரீரம், நல்ல பாடம். முதல் நாள் ஆறாம் வகுப்பில் அவர்களில் ஒரு தம்பி செல்போனில் தம்பூரா ஆப்பைத் திறந்து, சுருதியை ஒரு கட்டைக்கு வைத்து (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; எண் கூடக் கூட சுருதி ஏறும்), மேசையில் நிறுத்தினார். கண்ணை மூடி ‘ஸ’ பிடித்தார். அருமையான ஷட்ஜம். பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். பாதிப் பேர் கீழே தேடிப் போய் முனகினார்கள். மீதிப் பேர் ஒரு ஸ்தாயி மேலே, அதாவது அடுத்த மேல் ‘ஸ’வில், பிடித்து, ‘ப’ தாண்டியதும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

தினமும் சாதகம் செய்யுங்கள், வகுப்புக்கு மட்டம் போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று பார்க்காமல் சேர்வது

மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருடம் படித்து வாங்கும் சான்றிதழ் வேறு, இசைக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வாங்கும் பட்டம் வேறு. இரண்டிலும் கற்றுக்கொடுப்பவர்கள் நல்ல வித்வான்களாக இருக்கலாம். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பார்ப்பது தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க நிலை இசை ஆசிரியர் பணிக்கு இசையில் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள். மாநில அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகத் தகுதி சொல்லும். சேர்வதற்கு முன்னால் கடைசியாக வந்த அறிவிப்பை எடுத்து, தகுதி என்ற பத்தியை வரி வரியாகப் படியுங்கள். கல்லூரி அலுவலகத்தில் அதைக் காட்டி, ‘இந்தப் படிப்பு இதற்குச் செல்லுமா?’ என்று கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் சிறப்பாசிரியர் பணிக்கு வாரியம் அறிவித்த 1325 இடங்களில் இசைக்கு 86 இடங்கள்தான். அந்த ஒரு கதவை மட்டும் நம்பி உட்கார்ந்து வருடங்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனியார் பள்ளிகளையும் மத்தியப் பள்ளிகளையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தன் சுருதியிலேயே மூன்று வருடத்தையும் கழிப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நம் சுருதி முடிவாகிவிடும். ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. அப்புறம் மூன்று வருடமும் அதில்தான் வர்ணம், அதில்தான் கீர்த்தனை, அதில்தான் தேர்வு. கச்சேரி செய்யப் போகிறவருக்கு இது சரி. பள்ளிக்குப் போகிறவருக்கு இது பாதிப் படிப்பு. ஏனென்றால் வகுப்பில் உங்கள் தொண்டை ஒன்று, பிள்ளைகளின் தொண்டை நாற்பது.

பயிற்சி இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் பேசுகிற குரலிலேயே பாடுவார்கள். அந்தக் குரலுக்கு ஐந்து கட்டையிலிருந்து ஆறு, ஆறரை வரை பொதுவாக ஒத்துவரும். சின்ன வகுப்புக்குக் கொஞ்சம் கூட்டலாம். ஒரு கட்டையில் ஆசிரியர் பாடினால் மேல் ஷட்ஜம் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். கத்தித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பீரியடு கத்தின பிள்ளைக்கு அடுத்த பீரியடில் தொண்டை கட்டும். ஒரு மாதம் கத்தின பிள்ளை ‘எனக்குப் பாட்டு வராது’ என்று முடிவுக்கு வந்துவிடும். பிள்ளையின் சுருதி சரியில்லை என்று நாம் நோட்டில் எழுதி வைப்போம். சரியில்லாதது நாம் கொடுத்த சுருதி.

நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். ஆறாவது, ஏழாவது படிக்கும்போது காலை வணக்கத்தில் முன்னால் நின்று பாடினவன். அந்த வருடம் அவனுக்கு மகரக்கட்டு. அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இறங்கி முடிகிற வரைக்கும் எந்த ஸ்வரத்தில் உடையும் என்று அவனுக்கே தெரியாது. நான் என் ஒன்றரைக் கட்டையில் ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘த’வில் அவன் குரல் உடைந்து கீச்சிட்டது. வகுப்பு சிரித்தது. மறுநாள் மேற்பார்வைக்குப் பேராசிரியர் வருவதாக இருந்தது. நான் அவன் பக்கத்தில் போய், “நீ வாயை மட்டும் அசைப்பா” என்றேன்.

அவன் அசைத்தான். மறுநாளும் அசைத்தான். பயிற்சி முடியும் வரை அசைத்துக்கொண்டே இருந்தான். அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கு வேறு வேலையாகப் போனபோது காலை வணக்கக் குழுவில் அவன் இல்லை. விசாரித்தேன். “அவன் இப்பல்லாம் பாடறதில்ல சார்” என்றாள் குழுவில் இருந்த ஒரு பெண்.

மூன்று வருடம் இசை படித்த எனக்கு மகரக்கட்டு என்ற சொல் தெரியும். அந்தப் பையனுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இன்று தெரியும். நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற பாட்டாகக் கொடுக்க வேண்டும். தாளம் போட வைக்க வேண்டும். ‘இது எல்லாருக்கும் வருவது, சில மாதத்தில் நிலைக்கும்’ என்று வகுப்புக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். எந்தக் கட்டையில் அவனுக்குச் சுகமாக இருக்கிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். வாயை மூடச் சொல்லக் கூடாது.

சரி, கல்லூரியில் இருக்கும்போதே இதற்கு என்ன செய்யலாம்?

ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் பஞ்சமம்தான் ஐந்து கட்டையின் ஷட்ஜம். உங்கள் ‘ப’வில் நின்று, அதையே ‘ஸ’ என்று நினைத்து, சரளி வரிசை (முதல் ஸ்வரப் பயிற்சி) பாடிப் பாருங்கள். முதலில் காது ஒத்துழைக்காது. பழைய ஷட்ஜம் இழுக்கும். தம்பூராவை ஐந்துக்கு மாற்றிவிட்டால் ஒரு வாரத்தில் பிடிபடும். பிள்ளைகளின் ‘ப’ வரை, அதாவது உங்கள் மேல் ‘ரி’ வரை, சிரமமில்லாமல் போகலாம். அதற்கு மேலே தொண்டையை முறுக்காமல், ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் சுருதி நிற்கிற ஒரு பிள்ளையை எழுப்பிப் பாட வையுங்கள். பிள்ளைக் குரலைப் பார்த்துப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பெண் ஆசிரியர்களுக்கு ஆறாம் வகுப்பு சுலபம். சிக்கல் பத்தாம் வகுப்பில் வரும். அங்கே பையன்களின் குரல் இறங்கியிருக்கும். ஐந்தரையில் நீங்கள் பாடினால் அவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல முனகுவார்கள். அவர்களுக்கு ஒன்று, இரண்டு கட்டையில் தனியாக ஒரு வரியாவது எடுத்துக்கொடுக்கப் பழக வேண்டும்.

பயிற்சிக்கு வந்த தம்பியிடம் அன்று மத்தியானம் இதைச் சொன்னேன். “சார், என் சுருதி ஒரு கட்டை சார், ஐந்தில் குரல் நல்லா இருக்காது” என்றார். “உன் குரல் நல்லா இருக்கிறதுக்கு கச்சேரி இருக்குப்பா. இது அவங்க பீரியடு” என்றேன். மறுநாள் ஐந்து கட்டைக்கு வைத்தார். கத்தல் நின்றது. மூன்றாவது பெஞ்சில் ஒரு சின்னப் பெண், அதுவரை உதட்டைக்கூட அசைக்காதவள், மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பாட்டை ஸ்வரப்படுத்தி எழுதத் தெரியாமல் இருப்பது

வகுப்பை போனில் பதிவு செய்து கேட்டே பாடம் பண்ணுகிற பழக்கம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. தவறில்லை. ஆனால் ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் ஒரு புதுப் பாட்டைக் கொடுப்பார். அதை அன்றைக்கே ஸ்வர தாளக் குறிப்போடு எழுதி, வயலின் வாசிக்கிற பிள்ளை கையில் கொடுக்கத் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒரு பாட்டு எழுதிப் பழகுங்கள், போதும்.

இலக்கணத்தைத் தேர்வுக்கு மட்டும் படிப்பது

72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் 35 தாளத்தையும் தேர்வுக்கு முந்தின இரவு உருப்போட்டு எழுதிவிடலாம். வகுப்பில் பிள்ளை கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். “ஏன் சார் எல்லாரும் மாயாமாளவகௌளை ராகத்துல ஆரம்பிக்கிறாங்க?” என்று ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். ‘புரந்தரதாசர் அப்படி வகுத்தார் என்பார்கள்’ என்று சொல்லி முடித்துவிடலாம். ஆர்மோனியத்தில் காட்டினால் அவளுக்கே புரியும். ஸ–ரி பக்கத்துப் பக்கத்துக் கட்டை (இங்கே கட்டை என்பது விரலால் அழுத்துவது). ரி–க நடுவில் இரண்டு கட்டைகளைத் தாண்ட வேண்டும். க–ம மறுபடி பக்கத்துப் பக்கத்தில். அப்புறம் ப–த–நி–ஸ, அதே தூரங்கள் அப்படியே. கீழ்ப் பாதியைப் பிடித்தவளுக்கு மேல் பாதியும் வந்துவிடும். 15ஆவது மேளம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இதைக் காட்டத் தெரிந்தால்தான் வகுப்பு நடக்கும்.

வாத்தியம் ஒன்றுகூடப் பழகாமல் வெளியே வருவது

ஆர்மோனியமோ கீபோர்டோ வீணையோ, ஏதாவது ஒன்று. கட்டாயம்.

‘பாட வராத பிள்ளை’ என்று பெயர் வைப்பது

வைக்காதீர்கள்.

தமிழ்ப் பாட்டு கைவசம் இல்லாமல் வேலைக்குப் போவது

கல்லூரிப் பாடத்தில் தெலுங்குக் கீர்த்தனைகள் நிறைய இருக்கும். நல்லது, படியுங்கள். பள்ளியில் பிள்ளைக்குப் பொருள் புரிகிற பாட்டுதான் நிற்கும். தேவாரம், திருப்புகழ், பாரதி, நாட்டுப்புறப் பாட்டு என்று முப்பது பாட்டாவது மூன்று வருடத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வகுப்புக்கு, எந்தக் கட்டையில் என்று எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தமிழ்த்தாய் வாழ்த்து. வேலையில் சேர்ந்த மறுநாள் காலையே அது உங்கள் பொறுப்பாகிவிடும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது மோகன ராகத்தில் 55 வினாடிகளில் பாட வேண்டும் என்றும் அரசு சொல்லியிருக்கிறது. மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகள் நிற்கும்போது யாரோ ஒருவர் மைக்கில் தோன்றின இடத்தில் எடுத்துவிட்டால், மேலே ஏறும் வரிகளில் பாதிக் குரல்கள் நின்றுபோகும். சுருதிப் பெட்டியை முன்னாலேயே ஐந்தரைக்கு வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் நாலு வினாடி ஒலிக்க விடுங்கள். பிறகு உங்கள் குரலில் எடுக்காமல், முன்வரிசையில் இருக்கிற இரண்டு பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள்.