வெளிநாட்டில் பழைய கார் வாங்கும்போது

வெளிநாட்டில் குறைந்த விலைக்குப் பழைய கார் தேடுபவர், விலை பேசுவதற்கு முன்பே, தமது விசாவில் வாகனத்தைத் தம் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்பதையும் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். சொந்த நாட்டில் வண்டி ஓட்டிய அனுபவத்தைக் காப்பீட்டு நிறுவனம் கணக்கில் கொள்ளாவிட்டால், மலிவான காருக்கும் பிரீமியம் எகிறிவிடும்.

பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண், பெரும்பாலும் 17 எழுத்துகளும் எண்களும் கலந்தது, வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விபத்து வரலாற்றையும் கடன் பாக்கியையும் சரிபார்க்கவும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், என்னைக் கேட்டால், சந்தேகப்படுவதே நல்லது. டயரின் பக்கவாட்டுக் குறியீடு 2319 என்று முடிந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பெயர் மாற்றப் படிவத்தில் கையொப்பம் விழும்வரை முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம்.