பைக்கில் ஆம்ப் மாட்டப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பைக்கில் பாட்டு கேட்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஸ்பீக்கரைத்தான் வாங்குகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எவ்வளவு சத்தம் வரும் என்பதை முடிவு செய்வது வண்டியின் பேட்டரியும் சார்ஜிங்கும்தான்.

350 சிசி வண்டிகளில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் (மின்சாரம் தேக்கும் அளவு) பேட்டரி சாதாரணம். ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் 1000 வாட் வேண்டுமென்றால் 80 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கூடவே கொடுக்கும் ஃப்யூஸ் 15 ஆம்பியர்! ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்ட எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். உண்மையாகவே 100 வாட் தரும் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழு சத்தத்தில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கடை வாசலில் பாட்டு ஓடவிட்டால் அப்புறம் செல்ஃப் எடுக்காது. கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

அடுத்தது வயரிங். என் வண்டிக்கு முதல் தடவை ஒரு கடையில்தான் மாட்டினேன். மூன்றாம் மாதம் சிக்னலில் நிற்கும்போது முழங்காலருகே பிளாஸ்டிக் கருகும் வாடை. டேங்கைக் கழற்றினால், ஹேண்டில் கழுத்தருகே சிவப்பு வயர் சட்டத்தில் உரசி உரசி உறை தேய்ந்திருந்தது. வயரைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். ஃப்யூஸ் இருந்தது, ஆனால் ஆம்புக்குப் பக்கத்தில். அங்கே இருந்து என்ன பயன்? அந்த ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால்தான், அதற்கு அப்பால் வயர் எங்கே உரசினாலும் ஃப்யூஸ் எரிந்து மின்சாரத்தை நிறுத்தும்.

ஆம்பின் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த சட்டத்தில் முடுக்காமல் நேராகப் பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஏறுகிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை, அல்லது சிக்னல் வயரும் பவர் வயரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆம்பிலுள்ள கெய்ன் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகுகிறவர்கள்தான் அதிகம். பாட்டு வரும் கருவியின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. போனை முக்கால் வால்யூமில் வைத்து, கெய்னை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பாடகர் குரல் கரகரக்கத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். கரகரப்போடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகும்.

பேஸ் (அடித்தொனி) விஷயத்திலும் ஆசை வேண்டாம். வேகம் ஏறினால் காற்றிரைச்சல் முதலில் விழுங்குவது அதைத்தான். ஐந்தேகால், ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அடித்தொனியைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் குரல் தெளிவாகக் கேட்கும், ஸ்பீக்கரும் பிழைக்கும். அப்படியும் பேஸ் கொஞ்சமும் கேட்கவில்லையென்றால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அதன் முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை நொடி நேரம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) வெளியே வர வேண்டும்.

4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஆம்பின் ஒரே சேனலில் (வெளியீட்டில்) இணையாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் தாங்குமா என்று அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதக் கோன் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. ஆம்பைச் சீட்டுக்கு அடியில் துணி சுற்றித் திணிக்காதீர்கள், சூட்டில் அணைந்து அணைந்து வரும்.

எல்லாம் மாட்டிய பிறகு, டேங்கைப் பூட்டுமுன், ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். என் வயர் தேய்ந்தது இடப்பக்கத் திருப்பத்தில்தான்.