ஒரே சிம்பொனி, பல பதிவுகள்: சேகரிப்பதும் ஒப்பிட்டுக் கேட்பதும்

மேற்கத்தைய சாஸ்திரிய இசைப் பதிவுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படைப்புகளின் எண்ணிக்கையைத்தான் பெருக்குகிறார்கள். அலுமாரி நிறைந்துவிடும்; எதையும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே சொல்லும் வழி அதற்கு நேர்மாறானது: ஒரு சிம்பொனியை, அதாவது பெரிய வாத்தியக்குழுவுக்காக எழுதப்பட்ட, பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்பை மட்டும் எடுத்து, அதன் நான்கைந்து ஒலிப்பதிவுகளைச் சேர்த்து, அவற்றைக் குறிப்பிட்ட சில இடங்களில் ஒப்பிட வேண்டும்.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஒப்பிடுதல் புதிதல்ல. ஒரே கீர்த்தனையை இரண்டு வித்துவான்கள் பாடினால் நிரவலிலும் கற்பனாஸ்வரத்திலும் அவரவர் தனித்தன்மை உடனே தெரிந்துவிடும். சிம்பொனியிலோ மனோதர்மத்துக்கு அப்படி இடமில்லை; ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரமும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வேறுபாடு வேகத்திலும், வாத்தியங்களுக்கிடையிலான சமநிலையிலும், எழுதியவற்றுள் எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதிலுமே இருக்கும். எங்கே தேடுவது என்று தெரியாதவருக்கு எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோலவே கேட்கும்.

1808இல் வியன்னாவில் முதன்முதலில் வாசிக்கப்பட்ட பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியோடு தொடங்குவதே நல்லது. அது ஏறத்தாழ அரைமணி நேரமே நீள்வது, பதிவுகளும் ஏராளம். வாத்தியக்குழுவை வழிநடத்துபவரே நடத்துனர்; பதிவுகளை அவர் பெயராலேயே அடையாளம் காண்பார்கள். நான் பரிந்துரைப்பவை நான்கு: பேர்லின் பில்ஹார்மொனிக் குழுவை ஃபுர்ட்வெங்ளர் நடத்திய 1947ஆம் ஆண்டுப் பதிவு, பில்ஹார்மோனியா குழுவோடு கிளெம்பரர் 1959இல் செய்தது, வியன்னா பில்ஹார்மொனிக் குழுவோடு கார்லோஸ் கிளைபர் 1974இல் செய்தது, பீத்தோவன் காலத்து வாத்தியங்களைக் கொண்ட குழுவோடு ஜோன் எலியட் கார்டினர் 1990களில் செய்தது. ஐந்தாவதாக நிக்கிஷ் 1913இல் பேர்லினில் செய்த பதிவைச் சேர்க்கலாம். 1925க்கு முன் மைக்ரோபோன் பயன்பாட்டுக்கு வரவில்லை, புனலின் முன் வாசித்தே பதிந்தார்கள் என்பதால், அதில் வாத்தியச் சமநிலையைத் தேடாமல் வேகத்தை மட்டும் கவனியுங்கள்.

காப்புரிமை காலாவதியான இசைக்குறிப்பு ஏட்டை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வாசிக்கத் தெரிய வேண்டுமென்பதில்லை. அட்சரங்களைத் தாளம் போட்டு எண்ணுவதைப் போல அதில் செங்குத்துக் கோடுகளால் பிரித்திருக்கும் கட்டங்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். முதற்பகுதியில் 502 கட்டங்கள் இருக்கின்றன. தொடக்கத்து 124 கட்டங்களை மீண்டும் வாசிக்கும்படி ஏட்டில் குறி இருக்கிறது. பீத்தோவன் 1817இல் வெளியிட்ட வேகக் குறிப்பின்படி நிமிடத்துக்கு 108 கட்டங்கள். மீள்வாசிப்போடு சேர்த்தால் 626 கட்டங்கள். இடையிலுள்ள நீண்ட நிறுத்தங்களை விட்டுவிட்டால் 5 நிமிடம் 48 விநாடி வருகிறது. கிளைபர் மீள்வாசிப்போடு 7 நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கிறார். கிளெம்பரரோ 9 நிமிடத்தை நெருங்குகிறார். எனினும் அட்டையிலுள்ள நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. மீள்வாசிப்பை விட்டுவிட்டு 7 நிமிடம் எடுப்பவர், அதையும் வாசித்து 7 நிமிடத்தில் முடிப்பவரைவிட மிக மெதுவானவர். அட்டையிலோ இரண்டுக்கும் ஒரே எண்தான் இருக்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். முதற்பகுதியின் இரண்டாவது கருப்பொருள், அதாவது இரண்டாவது முக்கிய மெட்டு, வருமுன் ஹோர்ன் எனும் பித்தளை ஊதுவாத்தியங்கள் ஓர் அழைப்பை முழக்கும். அதே அழைப்பு பின்னர் 303ஆம் கட்டத்தில் திரும்ப வரும்போது பீத்தோவன் அதைப் பசூன் எனும் தாழ்ந்த ஒலியுள்ள மர ஊதுவாத்தியங்களுக்கு எழுதியிருக்கிறார்; அக்காலத்து ஹோர்ன்களில் ஸ்வரத்தை மாற்ற உதவும் வால்வு இல்லாததால் அந்தச் சுருதியில் உடனே அதை வாசிக்க முடியாது. பழைய நடத்துனர்கள் பலர், வால்வு வந்துவிட்டதே என்று அதை மீண்டும் ஹோர்ன்களுக்கே கொடுத்தார்கள். உங்களிடமுள்ள ஒவ்வொரு பதிவிலும் அந்தச் சில விநாடிகளைக் கேட்டுப் பாருங்கள். நடத்துனர் ஏட்டை எவ்வளவு தூரம் நம்புகிறார் என்பது புரிந்துவிடும். முதல் வயலின்களை இடப்புறமும் இரண்டாம் வயலின்களை வலப்புறமும் கிளெம்பரர் அமர்த்துவது வழக்கம் என்பதால், ஒரு குழு விட்டதை மற்றது பிடிக்கும் இடங்கள் ஹெட்போனில் தெளிவாகப் பிரிந்து கேட்கும். மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் நுழைகிறது; டிம்பானி எனும் பெரிய முரசின் மெல்லிய தட்டல் பெருமுழக்கமாக வெடிக்கும் அந்த இடத்தில் உங்கள் கைப்பேசிச் செயலி ஒரு கண இடைவெளி விட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். அமைப்புகளில் அதை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

சற்றுச் சத்தமாக ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் என்பது காதின் பலவீனம். பழைய பதிவுகள் பொதுவாக மெல்லியதாக ஒலிக்கும். ஆகவே ஒரே இடத்தை இரு பதிவுகளிலும் போட்டுச் சத்தத்தைச் சமப்படுத்திய பின்பே ஒப்பிட வேண்டும். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எது எதுவென்று சொல்லாமல் போடச் சொன்னால் இன்னும் நல்லது. பெரிய பெயர்களின் மீதுள்ள மயக்கம் அப்போது குறையும்.

ஒரு கொப்பியில் நடத்துனர், குழு, பதிவு நடந்த ஆண்டு, இடம், மேடைப் பதிவா ஸ்டூடியோப் பதிவா, மோனோவா ஸ்டீரியோவா, மீள்வாசிப்பு உண்டா என்று எழுதிவையுங்கள். இணையச் சேவைகள் பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டையே காட்டும். அதை நம்ப வேண்டாம். நடத்துனர் கராயன் பேர்லின் பில்ஹார்மொனிக் குழுவோடு மட்டும் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் 1960களிலும் 70களிலும் 80களிலும் என மூன்று முறை பதிந்திருக்கிறார். பெயரை மட்டும் எழுதினால் எது உங்களிடம் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. வேறு அட்டையில் வந்த ஒரே பதிவை நான் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கியது இந்தக் கொப்பி இல்லாத காலத்தில்தான்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பின் ஈரப்பதன் பெரும் பகை. வெள்ளவத்தையில் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சுவரை ஒட்டாமல், நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த எல்பி தட்டை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தை வடிநீரில் கலந்து துடைக்கலாம். ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தாத்தா காலத்துத் தட்டில் அதை ஒருபோதும் தொடவிடாதீர்கள். அரக்காலான தட்டு கரைந்துபோகும். அதற்கு அகன்ற ஊசியும் தனியாக வேண்டும்.

1958இல் தொடங்கிய இலங்கைச் சிம்பொனி வாத்தியக்குழுவின் கச்சேரி அறிவிப்பு கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். பசூன் மண்டபத்தில் உண்மையில் எவ்வளவு மெல்லியதாகக் கேட்கிறது என்பதை அறிந்தவருக்கே, ஒலிப்பதிவாளர் அதை எங்கே தூக்கிவிட்டிருக்கிறார் என்பது பிடிபடும்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்டு முடித்து, இன்னொரு இசையமைப்பாளரான புருக்னரின் எட்டாம் சிம்பொனிக்குப் போகிறீர்களென்றால், கொப்பியில் இன்னொரு நிரல் சேருங்கள். 1887, 1890 என்று அவரே எழுதிய இரு வடிவங்களும், ஹாஸ், நோவாக் என இரு பதிப்பாசிரியர்களின் ஏடுகளும் இருப்பதால், எந்த ஏட்டை வாசிக்கிறார்கள் என்று எழுதாமல் அங்கே எந்த ஒப்பீட்டையும் தொடங்க முடியாது.