சூரிய மின் உற்பத்திக் கணக்கு: வேலைக்கு முன் ஒரு பயிற்சி

புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பகுப்பாய்வு வேலைக்குத் தயாராகும் பொறியியல் பட்டதாரியா? சான்றிதழ் சேர்ப்பதைவிட, ஓர் ஊருக்கான கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும் கமுதியையே எடுத்துக்கொள்ளலாம்.

பிவிஜிஐஎஸ் (PVGIS) என்ற ஐரோப்பிய ஆணையத்தின் சூரிய ஆற்றல் தரவுத் தளத்தில் ஓராண்டின் மணிவாரித் தரவை இலவசமாக இறக்குங்கள். பைத்தானில் திறந்ததும் முதலில் நேரத்தைப் பாருங்கள். தரவு யுடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டாவிட்டால், உச்சி வெயில் காலை ஆறே முக்காலுக்கு அடிப்பதாகக் காட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது சூடு. பேனலின் திறன் 25 டிகிரியில் அளந்தது. மதியம் பேனல் 60 டிகிரியைத் தொட்டால், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் இழப்பு என்று வைத்தாலும் 12 சதவீதம் போய்விடும். தூசி, கேபிள், இன்வெர்ட்டர் இழப்புகளைத் தனித்தனியே கழியுங்கள். மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டால் நேர்காணலில் விளக்க முடியாது.

விடையை ஒப்பிட ஓர் அளவு: 1 மெகாவாட், 20 சதவீதத் திறன் பயன்பாடு (ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் 20 சதவீதம்) என்றால் ஆண்டுக்கு 17.52 லட்சம் யூனிட். வெகுவாக விலகினால், டிசி திறனையும் (பேனல்களின் திறன்) ஏசி திறனையும் (இன்வெர்ட்டர் வெளியே தரும் திறன்) குழப்பினீர்களா என்று பாருங்கள்.

பிறகு, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலின் காற்றுக்கும் கணக்குப் போடுங்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் காற்றின் ஆற்றல் 33 சதவீதம் கூடும். உயரத்தோடு வேகம் மாறும் என்பதால், அளந்த உயரம் குறிக்காத தரவைத் தொடாதீர்கள்.